சுவரைத் தடிப்பாக்கினால் குப்பைத்தொட்டி கூடுதலாக உழைக்குமா?

கேள்வி இதுதான்: 240 லிட்டர் சக்கரக் குப்பைத்தொட்டிக்குப் புதிதாக மோல்டு (வார்ப்பு அச்சு) வெட்டப்போகிறீர்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிகள் இரண்டு மூன்று வருடத்திலேயே உடைந்து திரும்பி வருகின்றன. சுவரை 3.5 மி.மீ.யிலிருந்து 5 மி.மீ. ஆக்கிவிட்டால் பத்து வருடம் தாங்குமா?

தாங்காது. தொட்டி கனக்கும், அவ்வளவுதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த அளவுத் தொட்டியின் சுவர், அடிப்பகுதி எல்லாம் சேர்த்துப் பரப்பு 2 சதுர மீட்டருக்கு மேல் வரும். அதில் 1.5 மி.மீ. கூட்டினால் மூன்று கிலோ பிளாஸ்டிக் கூடுதலாகப் போகும். 11, 12 கிலோ இருக்க வேண்டிய தொட்டிக்கு மூன்று கிலோ என்பது கொஞ்சநஞ்சம் இல்லை. அதைவிட மோசம், மோல்டுக்குள் பிளாஸ்டிக் ஆறும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 3.5-ஐ 5 ஆக்கினால் ஆறும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு மெஷினில் ஒரு நாளைக்கு எத்தனை தொட்டி வருமோ அதில் கணிசமான பங்கு போய்விடும். இவ்வளவும் கொடுத்து எதை வாங்குகிறீர்கள்? உடையாத இடத்தை இன்னும் பலமாக்குகிறீர்கள்.

உடைந்த தொட்டிகளைக் குவித்து வைத்திருக்கும் யார்டில் ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். நடுச்சுவரில் கிழிந்த தொட்டி அபூர்வமாகத்தான் கிடைக்கும். முன்பக்க விளிம்பு வெடித்திருக்கும். அச்சுத்தண்டு உட்காரும் காது பிய்ந்திருக்கும். மூடியின் கீல் போயிருக்கும். அடிப்பாகத்தில் நட்சத்திரம் போல விரிசல் ஓடியிருக்கும், அல்லது இழுத்து இழுத்துத் தேய்ந்து ஓட்டையாகியிருக்கும். நான் பார்த்தவரை, திரும்பி வரும் தொட்டிகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஏதோ ஒன்றால்தான் வருகின்றன. அதிலும் முன்விளிம்புதான் ராஜா. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குப்பை லாரியின் பின்னால் இருக்கும் தூக்கியில் சீப்பு மாதிரி ஒரு பட்டை இருக்கும். அதன் பற்கள் தொட்டியின் முன்விளிம்புக்கு அடியில் நுழைந்து மொத்தத் தொட்டியையும் தூக்கும். மேலே இருந்து ஒரு தாழ்ப்பாள் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், தலைகீழாகும்போது தொட்டியே லாரிக்குள் விழுந்துவிடாமல் இருக்க. இதை மனதில் ஓட்டிப் பாருங்கள். தூக்கும்போது பாரம் விளிம்பைக் கீழ்நோக்கி வளைக்கிறது. கவிழ்ந்த பிறகு அதே பாரம் எதிர்ப்பக்கமாக வளைக்கிறது. அப்புறம் ஓட்டுநர் ஒட்டிக்கொண்ட குப்பை விழட்டும் என்று மேலே இரண்டு மூன்று தடவை டங் டங் என்று தட்டுவார். அந்தத் தட்டல்தான் தொட்டியைக் கொல்கிறது.

ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 840-இல் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்று ஒன்று உண்டு. ஒரு லிட்டருக்கு 0.4 கிலோ குப்பை என்று வைத்து, அதோடு தொட்டியின் சொந்த எடையைக் கூட்டுவார்கள். 240 லிட்டருக்கு 96 கிலோ குப்பை, தொட்டியோடு சேர்த்து 110 கிலோ. தொட்டியின் மேலேயே அதைப் பொறித்திருப்பார்கள். நான் விளிம்புக்குக் கணக்குப் போடும்போது அந்த 110-ஐ அப்படியே எடுப்பதில்லை, மூன்றால் பெருக்கிக்கொள்வேன். தட்டும்போது வரும் அதிர்ச்சிக்கு அவ்வளவாவது வேண்டும். அந்தப் பாரமும் சீப்பின் எல்லாப் பற்களிலும் சமமாக விழாது. விளிம்பு கொஞ்சம் கோணியிருந்தால் இரண்டு மூன்று பற்கள்தான் மொத்தத்தையும் சுமக்கும்.

குப்பை ஈரமாக இருந்தால் கதையே வேறு. சமையலறைக் கழிவு லிட்டருக்கு 0.6 கிலோ என்று வைத்தால், 240 லிட்டர் நிறைந்தால் 144 கிலோ. தரநிலை சொல்லும் சுமையைப் போல ஒன்றரை மடங்கு. உங்கள் தொட்டிகள் ஈரக்கழிவு சேகரிக்கும் இடத்துக்குப் போகின்றன என்றால், நான் முதலில் கேட்பது ஏன் 120 அல்லது 140 லிட்டர் கூடாது என்பதுதான். வடிவமைப்பால் தீர்க்க முடியாததை அளவால் தீர்க்கலாம்.

சரி, விளிம்பை எப்படி அமைப்பது? பெட்டி போல மூடிய குறுக்குவெட்டு கிடைத்தால் முறுக்கலுக்கு அருமையாக நிற்கும். ஆனால் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தும் சாதாரண இன்ஜெக்ஷன் மோல்டில் அதை வார்க்க முடியாது, மோல்டு திறக்காது. கவிழ்த்த யு வடிவம்தான் கிடைக்கும். அந்த யு-வுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ரிப், அதாவது முட்டுக்கொடுக்கும் மெல்லிய பட்டை, போட்டுத்தான் பலம் சேர்க்க வேண்டும். நல்ல தொட்டி ஒன்றைக் கவிழ்த்து விளிம்புக்கு அடியில் பார்த்தால் தேன்கூடு மாதிரி இருக்கும், அது அழகுக்காக இல்லை. ரிப்புகளின் இடைவெளி சீப்பின் பற்களோடு பொருந்த வேண்டும், பல் ரிப் மேல் ஏறி உட்காரக் கூடாது. எந்த ரிப்பும் சுவரில் சட்டென்று முடியக் கூடாது. சரிந்து சரிந்து சுவரோடு கரைந்துபோக வேண்டும். சட்டென்று முடிகிற இடத்தில்தான் வெடிப்பு பிறக்கும். உள்மூலை எல்லாவற்றிலும் குறைந்தது சுவர்த் தடிமனில் பாதி அளவுக்காவது வளைவு வையுங்கள்; விளிம்பும் சுவரும் சேருமிடத்தில் நான் முழுத் தடிமன் அளவுக்கு வைப்பேன்.

ரிப்பின் தடிமன் சுவரில் 50, 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஆரம்ப காலத்தில் ஒரு வாடிக்கையாளருக்காக விளிம்பு ரிப்பைச் சுவரளவுக்கே, 4 மி.மீ., தடிப்பாக்கினேன். பலமாக இருக்கும் என்ற நினைப்பு. ரிப்பும் சுவரும் சேருமிடத்தில் பிளாஸ்டிக் குண்டாகி, ஆறும்போது உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு சின்னச் சின்ன வெற்றிடங்கள் உண்டாகின. வெளியே பார்த்தால் லேசான பள்ளம் மட்டும். அதுவே போதாது என்று விளிம்பின் நடுவில், தொட்டியை அடையாளம் காட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லுக்கு ஒரு குழி வைத்திருந்தேன். உருகிய பிளாஸ்டிக் அந்தக் குழியைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து ஓடி, அதன் பின்னால் மறுபடி சேரும். சேருகிற இடத்தில் ஒரு தையல் கோடு விழும்; சுற்றியுள்ள பகுதியைவிட அது எப்போதும் பலவீனம். எட்டே மாதத்தில் தொட்டிகள் வரிசையாக ஒரே இடத்தில், ஒரே ரிப்பின் ஓரத்தில் வெடித்தன. சில்லுக் குழியை மூலைப்பக்கம் நகர்த்தி, ரிப்பை 2.2 ஆக்கியதும் அடங்கியது. பிளாஸ்டிக் குறைந்தது, பலம் கூடியது.

உருகல் எங்கே நுழைகிறது, எங்கே சேருகிறது என்பதை ஓட்டத்தைக் கணிக்கும் மென்பொருளில் ஓட்டிப் பார்த்த பிறகே மோல்டை வெட்டக் கொடுங்கள். பெரும்பாலும் அடிப்பாகத்தின் நடுவில்தான் கேட், அதாவது உருகல் நுழையும் வாய், வைப்பார்கள். உருகல் அங்கிருந்து ஒரு மீட்டருக்கு மேல் ஓடி விளிம்பை நிரப்ப வேண்டும், அதாவது நமக்கு மிகவும் பலம் வேண்டிய இடம் கேட்டிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது உருகல் குளிர்ந்திருக்கும், அழுத்தமும் தேய்ந்திருக்கும். கேட் பக்கத்திலோ எதிர்ப்பிரச்சினை: பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே திசையில் இழுபட்டு உறைந்து நிற்கும், உள் அழுத்தம் அதிகம். அடியில் வரும் நட்சத்திர விரிசலுக்கு இதுதான் காரணம். கேட் முனை தரையில் உரசாதபடி அதை ஒரு குழிக்குள் வைத்து, அந்த வட்டத்தை மட்டும் கொஞ்சம் தடிப்பாக்குங்கள். முன்பக்கக் கால் தரையில் படுமிடத்தில் தேய்வதற்கென்றே இரண்டு மூன்று பட்டைகள் விடுங்கள். சக்கரம் இருக்கும்போது யார் தொட்டியை இழுப்பார்கள் என்று கேட்காதீர்கள், எல்லோரும் இழுப்பார்கள்.

இனி பிளாஸ்டிக். எச்.டி.பி.ஈ.தான் (அடர்த்தி கூடிய பாலித்தீன்), அதில் மறு பேச்சு இல்லை. பாலிப்ரொப்பிலீன் விறைப்பாக இருக்கும், ஆனால் அதன் சாதாரண வகை உறைநிலை அருகிலேயே கண்ணாடி போல் ஆகிவிடும். எச்.டி.பி.ஈ. அந்த நிலைக்கு வர மைனஸ் நூறு டிகிரிக்கும் கீழே போக வேண்டும். கடுங்குளிரிலும் தட்டலைத் தாங்குவது அதனால்தான். ஆனால் எச்.டி.பி.ஈ. என்ற ஒரே பெயரில் நூறு ரகம் இருக்கிறது. தவறு நடப்பது அங்கேதான்.

எம்.எஃப்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள், உருகல் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதன் அளவு அது. எண் பெரிதாக இருந்தால் மோல்டு சீக்கிரம் நிரம்பும், மெஷின்காரருக்குச் சந்தோஷம். ஆனால் சுலபமாக ஓடுகிறது என்றால் சங்கிலிகள் குட்டையாக இருக்கின்றன என்று அர்த்தம். பாலித்தீனுக்குள் குட்டிக் குட்டிப் படிகங்கள் இருக்கும். நீளமான சங்கிலியின் ஒரு முனை ஒரு படிகத்திலும் மறுமுனை அடுத்த படிகத்திலும் மாட்டிக்கொண்டு இரண்டையும் கட்டிவைக்கும். குட்டைச் சங்கிலியால் அது முடியாது. இப்போது அந்தப் பிளாஸ்டிக்கை இழுவிசையில் வைத்து, மேலே கொஞ்சம் சோப்புநீரோ எண்ணெயோ தடவினால், அது பிளாஸ்டிக்கைக் கரைக்காது. கட்டி நிற்கும் சங்கிலிகளை மெல்ல நழுவ விடும். ஒரு நாள் காரணமே தெரியாமல் வெடித்து நிற்கும். குப்பைத்தொட்டி என்பதே எப்போதும் ஏதோ ஒரு பாரத்தில் நின்றுகொண்டு, உள்ளே எண்ணெயும் சோப்பும் கொழுப்பும் தடவப்பட்டிருக்கும் பொருள்! இந்த விரிசலுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. 4 முதல் 8 வரை எம்.எஃப்.ஐ. உள்ள கோபாலிமர் ரகத்தில் நான் வேலை செய்வேன். 20-க்கு மேல் உள்ளதைக் கொண்டுவந்து இது நன்றாக ஓடுது சார் என்றால், ஓடட்டும், மெல்லிய டப்பாவுக்கு ஓடட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

வெயில் அடுத்த எதிரி. சுவரைத் தடிப்பாக்கினால் போதும் என்ற நம்பிக்கை உடைவதும் இங்கேதான். புற ஊதாக் கதிர் மேல்தோலை மட்டும்தான் கெடுக்கிறது, ஒரு மில்லிமீட்டரில் சில பங்கு ஆழம்வரைதான். அதனால் என்ன, உள்ளே நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கெட்ட தோல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அடி விழுந்ததும் அதில் ஆயிரம் நுண்விரிசல்கள் உண்டாகும். அவற்றில் ஒன்று வேகம் பிடித்து அடியிலுள்ள நல்ல பிளாஸ்டிக்கையும் கிழித்துக்கொண்டு போகும். 5 மி.மீ. சுவரையும் அதே மாதிரிதான் கிழிக்கும். காப்பது தடிமன் இல்லை, உள்ளே கலக்கும் மருந்து. கறுப்புத் தொட்டிக்கு 2 முதல் 2.5 சதவீதம் நுண்ணிய கார்பன் கறுப்பு, நன்றாகப் பரவியிருந்தால், மலிவான காவல் அதுவே. வண்ணத் தொட்டிக்கு ஹால்ஸ் எனப்படும் நிலைப்படுத்தி போதிய அளவு வேண்டும். மெஷின் பக்கத்தில், நிறமியும் மருந்தும் செறிவாகக் கலந்த மாஸ்டர்பேட்சைக் கண்ணளவில் கொட்டுகிற வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். தொட்டியில் வரிவரியாக நிறம் ஓடினால், மருந்தும் அப்படித்தான் ஓடியிருக்கிறது.

நிறத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே எச்சரிக்காத ஒன்று. தாலோசயனின் நீலம், தாலோசயனின் பச்சை என்ற நிறமிகள் மலிவு, பளிச்சென்று இருக்கும், வெயிலுக்கு வெளுக்காது. ஆனால் எச்.டி.பி.ஈ.க்குள் போனதும் படிகங்கள் வளர அவையே விதையாகிவிடும், சுருக்கமே மாறிவிடும். ஏற்கெனவே 1.5 முதல் 3 சதவீதம்வரை சுருங்கும் பிளாஸ்டிக் இது. ஒரே மோல்டில் பழுப்பு மூடி கச்சிதமாக உட்காரும், பச்சை மூடி கோணிக்கொண்டு நிற்கும். மோல்டையும் மெஷினையும் திட்டி இரண்டு வாரம் ஓடும், குற்றவாளி நிறமியாக இருக்கும். சுருக்கத்தை மாற்றாத ரகம் வேண்டும் என்று நிறமி விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள், இருக்கிறது.

மறுசுழற்சிப் பிளாஸ்டிக் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம். பழைய சக்கரத் தொட்டிகளையே அரைத்துப் போடுவது மிகச் சிறந்தது, ஏனென்றால் அதே ரகம், அதே ஓட்டம். பழைய நிலைப்படுத்தி செலவாகியிருக்கும் என்பதால் புதிதாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பால், சோப்பு பாட்டில்களிலிருந்து வருவது ஊதி வார்க்கும் ரகம், எம்.எஃப்.ஐ. ஒன்றுக்கும் கீழே, ஓடவே ஓடாது. ஆனால் அளவாகக் கலந்தால் உறுதியைக் கூட்டும். பயப்பட வேண்டியது பாட்டில் மூடிகளோடு வரும் பாலிப்ரொப்பிலீனுக்கு. அது எச்.டி.பி.ஈ.யோடு ஒட்டாது, அதிகமானால் தட்டியதும் அடுக்கடுக்காக உரியும். உடலைக் கறுப்பில் மறுசுழற்சியாகவும், மூடியை மட்டும் வண்ணத்தில் புதுப் பிளாஸ்டிக்காகவும் செய்வது நல்ல ஏற்பாடு. எந்தக் குப்பைக்கு எந்தத் தொட்டி என்று மூடியே சொல்லிவிடும்.

பிளாஸ்டிக் குருணை விற்பவர் சுண்ணாம்புத்தூளைக் கலந்திருக்கிறாரா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. எச்.டி.பி.ஈ.யின் அடர்த்தி 0.95 சுமார், தண்ணீரில் மிதக்கும். சுண்ணாம்பு ஏறக்குறைய 8 சதவீதத்தைத் தாண்டினால் மூழ்கிவிடும். தொட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி வாளியில் போடுங்கள். மூழ்கினால் பேச்சுவார்த்தையே வேண்டாம். அதோடு, எடை மட்டும் சரியாக இருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், சுண்ணாம்பும் எடைதான்.

வெப்பத்தையும் கணக்கில் வையுங்கள். வெயிலில் நிற்கும் கருந்தொட்டியின் மேற்பரப்பு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும், அந்தச் சூட்டில் எச்.டி.பி.ஈ.யின் விறைப்பு அறைவெப்பத்தில் இருந்ததில் பாதிகூட நிற்காது. தரவுத்தாளில் இருக்கும் 23 டிகிரி எண்ணை வைத்து விளிம்பைக் கணக்கிட்டால் அது நண்பகலில் பொய்யாகிவிடும். 130 டிகிரி சுற்றி உருகியே போகும். சூடான சாம்பல் போடாதீர் என்று மூடியில் பொறித்திருப்பது அதனால்தான்.

இனி சக்கரம். இந்தத் தொட்டி பிறந்தது லாரிக்காக அல்ல. 1968-இல் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் ஃப்ராங்க் ராதரம் மோல்டிங்ஸ் என்ற நிறுவனம் தொழிற்சாலைக்குள் குப்பையை நகர்த்துவதற்காகச் செய்தது என்பார்கள். அதாவது முதல் வேலை தள்ளுவது. நாம் தூக்குவதிலேயே மூழ்கி, தள்ளுகிறவரை மறந்துவிடுகிறோம்.

நிறைந்த தொட்டியைப் பின்பக்கம் சாய்க்க எவ்வளவு பலம் வேண்டும்? மொத்தம் 110 கிலோ, ஈர்ப்பு மையம் அச்சுத்தண்டுக்கு 25 செ.மீ. முன்னால், கைப்பிடி அச்சுத்தண்டுக்கு 90 செ.மீ. மேலே என்று வைப்போம். 110-ஐ 25-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 30 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். அந்த 25-ஐ 15 ஆக்கினால் 18 கிலோ போதும். அப்படியானால் அச்சுத்தண்டை முன்னால் தள்ளிவிட வேண்டியதுதானே? தள்ளலாம். ஆனால் காலியான தொட்டியின் மூடியைப் பின்னால் திறந்து தொங்கவிட்டால், கொஞ்சம் காற்று அடித்தாலே தொட்டி மல்லாந்துவிடும். விழுந்து விழுந்து கீல் உடையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தைப் பிடிக்க வேண்டும். மரத்தில் மாதிரி செய்து, மணல் மூட்டை வைத்து, நான்கு பேரைச் சாய்க்கச் சொல்லிப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. அச்சுத்தண்டின் மேல் காலை வைத்து அழுத்த இடம் விடவும் மறக்காதீர்கள்.

அச்சுத்தண்டு குழாயாக இருக்கக் கூடாது. 20 மி.மீ. அல்லது அதற்கு மேல், துத்தநாகம் பூசிய கெட்டி எஃகுக் கம்பி. அதைப் பக்கவாட்டில் இரண்டு காதில் மட்டும் தாங்கவிடாமல், அடிப்பாகத்தின் அகலம் முழுக்கப் பல ரிப்புகளின் மேல் படுக்க வையுங்கள். தொட்டியைத் தாழ்வாரத்திலிருந்து தடாலென்று கீழே இறக்கும்போது அந்த அடி பல இடங்களில் பகிர்ந்துபோக வேண்டும். சக்கரம் 200 மி.மீ. என்பது வழவழப்பான தரைக்கு. குண்டும்குழியுமான இடத்துக்கு 250, 300 என்று போங்கள். சக்கரம் பெரிதானால் தடையை ஏறவேண்டிய பலம் குறையும், அச்சுத்தண்டுக்கு விழும் அடியும் குறையும். கெட்டி ரப்பர் பட்டை இருந்தால் சத்தமும் குறையும். ஐரோப்பாவில் 2000/14/ஈ.சி. என்ற சத்த விதிமுறையின் கீழ் இந்தத் தொட்டிகளிலும் ஒலியளவைக் குறிப்பிட வேண்டும். விடியற்காலைத் தூக்கம் அவர்களுக்கும் முக்கியம்.

மூடிக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம், ஆனால் ஒரு கணக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் மூடிக்கும், ஈரக்குப்பை நிறைந்த உடலுக்கும் 25 டிகிரி வித்தியாசம் வரும் என்று வைப்போம். எச்.டி.பி.ஈ. ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.15 மி.மீ. அளவில் விரியும். 580 மி.மீ. அகல மூடி 2 மி.மீ.க்கு மேல் நீண்டுவிடும். கீலில் அந்த இடைவெளி இல்லை என்றால் மூடி இறுகும், இறுகிய மூடியை யாராவது ஓங்கித் திறப்பார்கள், கீல் போய்விடும். கீல் ஆணி தனியாகக் கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். பத்து வருடம் உழைக்கும் தொட்டியின் மூடி இரண்டு தடவையாவது மாறும் என்று வைத்துக்கொண்டே வடிவமைப்பது என் வழக்கம். மேற்பரப்பில் தண்ணீர் தேங்காத சரிவு, விளிம்புக்கு வெளியே இறங்கும் ஓரம், இவை போதும். எலிக்குப் பல் வைக்க ஒரு ஓரம் கிடைத்தால்தான் கடிக்கும். வழவழப்பான சுவரில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வடிகால் ஓட்டை வைத்தால் அதைத்தான் முதலில் கடிக்கும். நான் வைப்பதில்லை.

நடுச்சுவர் உண்மையிலேயே முக்கியமாகிற இடம் ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட்டால் தவறு. பக்கவாட்டிலிருந்து இயந்திரக் கை நீண்டு தொட்டியின் இடுப்பைப் பிடித்துத் தூக்கும் லாரிகள் அமெரிக்காவில் அதிகம். அங்கே சுவர் நசுங்குகிறது, விளிம்புக்கு வேலை குறைவு. அந்த ஊருக்குத் தனித் தரநிலைகளே உண்டு, ஆன்சி இசட்245.30, இசட்245.60 என்று. சுழற்றி வார்க்கும் முறையில் செய்த தொட்டிகளும் அங்கே ஓடுகின்றன. அந்த முறையில் வெளிமூலைகள் தானாகவே தடிப்பாக வரும், உள் அழுத்தம் குறைவு, மோல்டும் எளிது. ஆனால் ஒரு தொட்டிக்கு அரை மணி நேரம்வரைகூடப் பிடிக்கும், சீப்புக்கு வேண்டிய நுணுக்கமான விளிம்பு ரிப்புகள் அதில் வராது. உங்கள் லாரி சீப்பு வகை என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சோதனை. 96 கிலோ மணல் மூட்டையை வைத்து, உண்மையான தூக்கியில், உண்மையான தட்டலோடு, உடையும்வரை ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை என்றால் பத்து வருடத்துக்கு 520 தூக்கல்தான். தினமும் என்றால் 3,650. இந்த இரண்டும் ஒரே தொட்டி இல்லை. எண்ணிக்கை வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், எங்கே முதலில் உடைகிறது என்று தெரியும்வரை ஓட வேண்டும். மெஷினிலிருந்து வந்த தொட்டியின் எம்.எஃப்.ஐ.யைக் குருணையின் எம்.எஃப்.ஐ.யோடு ஒப்பிடுங்கள். கணிசமாக மாறியிருந்தால் அதிகச் சூட்டில் பிளாஸ்டிக்கைக் கருக்கியிருக்கிறார்கள். இன்னொன்று, தொட்டிகளைச் சூட்டோடு ஒன்றுக்குள் ஒன்று அடுக்காதீர்கள். வார்த்த பிறகும் ஒன்றிரண்டு நாள் சுருங்கிக்கொண்டே இருக்கும், அடுக்கில் நசுங்கிய விளிம்பு அப்படியே உறைந்து நிற்கும். அப்புறம் அது சீப்பில் இரண்டு பல்லில்தான் உட்காரும், நான் மேலே சொன்ன கதை தொடங்கிவிடும்.

மோல்டு வெட்டும் முன் ஒரே ஒரு முன்னெச்சரிக்கை. ரிப்பு, விளிம்பு எல்லாவற்றையும் தேவைக்குக் கொஞ்சம் மெலிதாகவே வைத்து முதல் வார்ப்பு எடுங்கள். பிளாஸ்டிக் தடிக்க வேண்டும் என்றால் எஃகைச் செதுக்கினால் போதும், அரை நாள் வேலை. மெலிய வேண்டும் என்றால் எஃகில் வெல்டிங் வைத்து மறுபடி கடைய வேண்டும், அந்த மோல்டு பழைய மாதிரி ஆகவே ஆகாது. விளிம்புப் பகுதியைத் தனிச் செருகலாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் லாரியில் உள்ள சீப்பின் வரைபடத்தையும், இப்போதைய தொட்டியின் விளிம்பைக் குறுக்காக அறுத்த ஒரு படத்தையும் காட்டினால், எந்த ரிப்பு முதலில் வெடிக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.